ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி

வேலூர் ரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். வண்டி வந்து நின்றதும் பல பாஷைகள் காதில் விழும். வங்காளி, இந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் கேட்கும். இறங்குகிறவர்கள் கையில் பழைய மருந்துச் சீட்டு இருக்கும். முகத்தில் கவலை இருக்கும். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போக வேண்டும் என்பதே அது.

அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அந்தச் சாலையில் நடக்கிறார்கள். ஐடா ஸ்கடர் யார்? அந்தப் பெரிய ஆஸ்பத்திரி 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. அந்த ஒரு கட்டிலைப் போட்டவர் அவர்தான்.

அவர் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அல்ல. இந்தியாவில் வாழ வேண்டும் என்றும் நினைத்தவர் அல்ல. ஒரே ஓர் இரவு அவருடைய வாழ்க்கையை மாற்றிவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

தாது வருஷத்துச் சிறுமி

ஐடா பிறந்தது அமெரிக்காவில் அல்ல. நம்முடைய ராணிப்பேட்டையில்தான். 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அவள் பிறந்தாள். வீட்டில் ஐந்து அண்ணன்மார்கள். ஐடா ஒருத்திதான் பெண். அவளே கடைக்குட்டி.

அவளுடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் ஒரு டாக்டர். 1819-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவை விட்டுக் கப்பலேறியவர். முதலில் யாழ்ப்பாணத்தில் தங்கி வைத்தியமும் மதப் பிரசாரமும் செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் அதே வேலையில் இறங்கினார்கள். ஐடாவின் தகப்பனாரும் மிஷனரி டாக்டர்தான். அவர் பெயரும் ஜான். தாயார் பெயர் சோபியா.

ஐடாவுக்கு ஆறு வயது ஆகும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம் அது. வயிறு ஒட்டி, எலும்பு தெரிய, குழந்தைகள் பங்களா வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலை ஐடாவுக்கு. சில குழந்தைகளுக்குக் கை நீட்டி வாங்கவும் பலம் இல்லை. சிறுமியே அவர்கள் வாயில் ஊட்டினாள்.

அந்தக் காட்சி அவள் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் அது அவளை இந்தியாவின் பக்கம் இழுக்கவில்லை. தள்ளிவிட்டது. இந்தப் பசியையும் வெயிலையும் சாவையும் விட்டு எங்காவது தூரமாகப் போய்விட வேண்டும் என்றே அவள் விரும்பினாள்.

அவள் விரும்பியபடி குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தகப்பனாரும், அவருக்குப் பின்னால் தாயாரும் மீண்டும் இந்தியா வந்துவிட்டார்கள். ஐடா அங்கேயே உறவினர் வீட்டில் தங்கினாள். பிறகு நார்த்பீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளி விடுதியில் சேர்ந்து படித்தாள். அழகான பெண். கலகலப்பாகப் பேசுவாள். நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே வசதியாக வாழலாம் என்று கனவு கண்டாள்.

1890-ல் இந்தியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. தாயாருக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு உடனே வர வேண்டும் என்பது செய்தி. ஐடா வந்தாள். கொஞ்ச காலம் இருந்து தாயாரைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

அந்த இரவு

தகப்பனாருக்கு அப்போது திண்டிவனத்தில் வேலை. ஓர் இரவு ஐடா தன் அறையில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே காலடி ஓசை கேட்டது. ஒரு பிராமண வாலிபர் வந்து நின்றார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. மனைவி மிகவும் சிறு பெண். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர் மன்றாடினார்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன், நானும் கூட வருகிறேன் என்றாள். வாலிபர் தலையை அசைத்தார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லித் துயரத்தோடு போய்விட்டார்.

சிறிது நேரம் கழிந்தது. மறுபடியும் காலடி ஓசை. அவர்தான் மனம் மாறி வந்திருக்கிறார் என்று ஐடா எழுந்து ஓடினாள். வந்தவர் வேறொருவர். ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் பிரசவத்தில் ஆபத்து. ஐடா தகப்பனாரையே கூட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். இருவரும் எவ்வளவோ சொன்னார்கள். கோஷாப் பெண்ணின் முகத்தை வேற்று ஆண் பார்க்கக் கூடாது என்று சொல்லி அவரும் போய்விட்டார்.

மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது. இந்த முறை வந்தவர் ஒரு முதலியார். அதே துன்பம். அதே வேண்டுகோள். டாக்டரை அழைத்துப் போகச் சொன்னபோது அதே மறுப்பு.

ஐடா அன்று தூங்கவில்லை. பொழுது விடிந்தது. தெருவில் சாவுப் பறை கேட்டது. மூன்று வீட்டுச் செய்தியையும் விசாரித்து வர ஆள் அனுப்பினாள். போனவன் திரும்பி வந்து சொன்னான். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

மூன்று வீடும் மூன்று வழக்கம் உள்ளவை. ஆனால் முடிவு ஒன்றாகவே இருந்தது. மருந்து இல்லாமல் அவர்கள் சாகவில்லை. டாக்டர் இல்லாமலும் சாகவில்லை. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். பெண் டாக்டர் இல்லாத குறையால்தான் செத்தார்கள்.

இப்படிச் செத்தவர்கள் அந்த மூவர் மட்டும் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1885-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. ஆனால் அதெல்லாம் பட்டணத்தோடு சரி. திண்டிவனத்துப் பெண்ணுக்கும், ஆரணிப் பெண்ணுக்கும், குடியாத்தம் பெண்ணுக்கும் அதனால் என்ன பயன்? அவர்களுக்கு இருந்தது ஊர் மருத்துவச்சி மட்டுமே. பிள்ளை குறுக்கே கிடந்தால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காலையில் ஐடா பெற்றோரிடம் போனாள். அமெரிக்கா திரும்பப் போவதாகச் சொன்னாள். அங்கேயே இருப்பதற்காக அல்ல. டாக்டர் படிப்புப் படித்துவிட்டு, இங்குள்ள பெண்களுக்கு வைத்தியம் செய்ய வருவதற்காக என்று சொன்னாள்.

பக்கத்து அறையில் கேட்டவர்

1895-ல் அவள் பிலடெல்பியா நகரில் உள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அமெரிக்காவிலும் அப்போது பெண்கள் டாக்டராவதைப் பலர் விரும்பவில்லை. பெரிய கல்லூரிகள் பல பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தன. 1898-ல் நியூயார்க்கில் உள்ள கார்னல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. ஐடா அங்கே மாறிக்கொண்டு, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பணம்? வேலூரில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். மிஷன் சபை 8,000 டாலர் திரட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. கப்பல் ஏறுவதற்குச் சில நாட்களே இருந்தன. ஐடா வீடு வீடாக ஏறி இறங்கினார். கிடைத்தது மிகவும் கொஞ்சம்.

ஒரு நாள் நியூயார்க்கில் ஒரு மூதாட்டி வீட்டுக்குப் போனார். திண்டிவனத்தில் அந்த இரவு நடந்ததைச் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த ஒரு பெரியவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ராபர்ட் ஷெல். ஒரு பாங்கியின் தலைவர். மனைவியை இழந்தவர். மறுநாள் ஐடாவை வரவழைத்துப் பல கேள்விகள் கேட்டார். பிறகு 10,000 டாலருக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தார். காலமான தம் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

ஜன்னல் வழியே வைத்தியம்

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா அம்மையார் வேலூர் வந்து சேர்ந்தார். அன்னி ஹான்காக் என்ற தோழியும் கூட வந்தார். தகப்பனாரிடம் இருந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்று ஐடா நினைத்திருந்தார். ஆனால் அதே ஆண்டில் தகப்பனார் காலமானார். முப்பது வயதுகூட நிரம்பாத பெண் டாக்டர் தனியாக நின்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பும் வரை சும்மா இருக்க முடியுமா? பங்களாவில் ஒரு சிறிய அறையை ஒழித்தார். ஒரு கட்டில் போட்டார். ஜன்னல் வழியாக மருந்து கொடுத்தார். உதவிக்கு நர்ஸ் கிடையாது. வீட்டுச் சமையல்காரரின் மனைவி சலோமி என்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டுக் கட்டவும், மருந்து கலக்கவும் பழக்கினார்.

முதலில் ஜனங்கள் பயந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணின் மருந்து என்ன செய்யுமோ என்று தயங்கினார்கள். கைராசி உள்ளவர் என்று தெரிந்ததும் கூட்டம் கூடியது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளை அவர் பார்த்தார்.

1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 40 படுக்கைகள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் நர்ஸ் வேலையை நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யும் வேலையாக யாரும் நினைக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களைத் தொட வேண்டும், புண்ணைக் கழுவ வேண்டும் என்று முகம் சுளித்தார்கள். ஐடா அம்மையார் தாமே கழுவினார். அதைப் பார்த்துப் பெண்கள் பழகினார்கள்.

எல்லோராலும் வேலூருக்கு வர முடியவில்லை. ஆகவே அவரே கிராமங்களுக்குப் போனார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு சிறிய மோட்டார் கார் வந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது வருவதைக் கண்டு, பேய் வருகிறது என்று சிலர் ஓடினார்களாம். குடியாத்தம் போகும் வழியில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். கார் நிற்கும். கண் நோய், சிரங்கு, ஆறாத புண், காய்ச்சல் என்று வரிசையாகப் பார்ப்பார். குஷ்டரோகிகளையும் ஒதுக்கமாட்டார். சாலையோர வைத்தியம் என்று அதற்குப் பெயர் வந்தது.

ஆறு பேர் கிடைப்பார்களா?

வேலை பெருகப் பெருக ஓர் உண்மை அவருக்கு விளங்கியது. ஒரு டாக்டரம்மாவால் எத்தனை பிரசவம் பார்க்க முடியும்? வெளிநாட்டிலிருந்து இன்னும் பத்துப் பேர் வந்தாலும் போதாது. நாடு பெரிது. இந்த நாட்டுப் பெண்களே டாக்டர்களாக வேண்டும். அவர்களுக்குத்தான் இந்த நாட்டுப் பெண்ணின் பாஷை தெரியும். அவள் மனமும் தெரியும்.

பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க எண்ணினார். ஒரு மிஷனால் அது முடியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல சபைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்தன. ஒன்றோடொன்று போட்டியும் உண்டு. இந்த ஒரு காரியத்துக்காகச் சில சபைகள் கைகோத்தன. பணம், ஆசிரியர், சாமான் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதித்தன.

அடுத்தபடி சர்க்கார் அனுமதி வேண்டும். சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவரிடம் போனார். ஆறு பெண்கள் சேர்ந்தாலே அதிர்ஷ்டம்தான், ஆறு பேர் கிடைத்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர் அனுமதி கொடுத்தார். ஆனால் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. இடம் இல்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி பள்ளி திறக்கப்பட்டது. கவர்னர் பென்ட்லண்டு பிரபு வந்து திறந்து வைத்தார். சொந்தக் கட்டடம் இல்லை. சாமான்கள் மிகக் குறைவு. டாக்டர் ஐடாவே பாடம் நடத்தினார். பகலில் ஆபரேஷன், இடையில் வகுப்பு, இரவில் பிரசவம் என்று ஓடினார்.

பரீட்சை வந்தது. மாகாணத்தில் ஆண்கள் படிக்கும் பள்ளிகளிலிருந்து போனவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும் என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள். பெண்கள் யாருமே தேறாவிட்டாலும் மனம் தளர வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். முடிவு வந்தபோது பார்த்தால், வேலூர்ப் பெண்கள் எல்லோரும் தேறியிருந்தார்கள்!

1922-ல் 14 பெண்கள் படிப்பை முடித்து டாக்டர்களாக வெளியே வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் மூன்று வீடுகளில் பெண் டாக்டர் இல்லாமல் மூன்று உயிர் போயிற்று. இப்போது ஒரே நாளில் 14 பேர் கிளம்பினார்கள்.

ஏழு கல்லூரிகள், ஒரு டாலர் நோட்டுகள்

பள்ளி நிலைக்க வேண்டுமானால் நல்ல கட்டடமும் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் பணம் தேவை. இந்த இடத்தில் இன்னொரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் லூசி பீபாடி. இளவயதில் கணவரோடு சென்னைக்கு வந்து மிஷன் வேலை செய்தவர். 1886-ல் கணவரை இழந்து குழந்தைகளோடு அமெரிக்கா திரும்பினார். அங்கே பெண்களின் மிஷன் சங்கங்களுக்கு ஒரு பெரிய தலைவியாக உயர்ந்தார்.

இந்தியா, சீனா, ஜப்பான் மூன்று நாடுகளிலும் பெண்களுக்காக ஏழு கல்லூரிகள் இருந்தன. சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியும், லக்னோ இஸபெல்லா தோபர்ன் கல்லூரியும், நம் வேலூர் மருத்துவப் பள்ளியும் இந்தியாவில் இருந்தவை. மற்றவை பீகிங், நான்கிங், டோக்கியோ நகரங்களில் இருந்தன. ஏழுக்கும் சேர்த்து ஒரே நிதி திரட்டுவது என்று சங்கங்கள் முடிவு செய்தன.

ராக்பெல்லர் குடும்பத்து அறநிதி ஒன்று உதவ முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், தாங்கள் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. குறித்த தேதிக்குள் திரட்டாவிட்டால் பணம் கிடையாது.

பெண்கள் கிளம்பினார்கள். பெரிய பணக்காரர்களை மட்டும் நம்பவில்லை. சர்ச்சுகளிலும் கிராமங்களிலும் ஒரு டாலர், இரண்டு டாலராகச் சேர்த்தார்கள். தையல் வேலை செய்கிறவளும், ஆசிரியையும், விவசாயி மனைவியும் கொடுத்தார்கள். தங்கள் ஊர் எங்கே, வேலூர் எங்கே என்று அவர்கள் பார்க்கவில்லை. 1923 தொடக்கத்தில் கணக்கு முடிந்தபோது அறநிதியின் பங்கையும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது.

வேலூரின் பங்கு வந்தது. ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. ஊருக்கு வெளியே பாகாயத்தில் மலையடிவாரத்தில் 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரி கட்டத் தொடங்கினார்கள். 1928-ல் காந்தியடிகள் அந்தப் பள்ளிக்கு வந்து பார்த்தார். 1932-ல் பாகாயம் கட்டடங்கள் திறக்கப்பட்டன.

பெரிய சோதனை

இதற்குப் பிறகுதான் ஐடா அம்மையாருக்குப் பெரிய சோதனை வந்தது. 1930-களின் இறுதியில் சென்னை சர்க்கார் ஒரு முடிவு செய்தது. இனிமேல் எல்.எம்.பி. என்ற சிறிய மருத்துவப் படிப்பு இருக்காது. எல்லோரும் எம்.பி.பி.எஸ். தான் படிக்க வேண்டும். நல்ல டாக்டர்கள் உருவாக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதில் தவறு இல்லை. ஆனால் வேலூரில் இருந்தது எல்.எம்.பி. படிப்புத்தான்.

எம்.பி.பி.எஸ். நடத்த வேண்டுமானால் படுக்கைகள் பெருக வேண்டும். மேல் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். சோதனைச் சாலைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இல்லாவிட்டால் கதவை மூட வேண்டியதுதான். இருபது ஆண்டு உழைப்பு ஒரே உத்தரவில் போய்விடும் போலிருந்தது.

ஐடா அம்மையாருக்கு அப்போது எழுபது வயது. ஓய்வெடுக்கும் வயதில் மறுபடியும் அமெரிக்கா போனார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பழைய சங்கங்கள் மட்டும் கொடுத்தால் போதாது என்பது தெரிந்தது.

அப்போது ஒரு யோசனை பிறந்தது. ஆண்களுக்கும் ஒரு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று பல சபைகள் விரும்பின. இரண்டு கல்லூரி நடத்த யாரிடமும் பணம் இல்லை. வேலூரில் ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல நாட்டுச் சபைகளும் சேர்ந்து உதவும். கல்லூரி பிழைக்கும்.

லூசி பீபாடி கொதித்தார். பெண்களுக்காக என்று சொல்லி, பெண்களிடம் டாலர் டாலராக வாங்கிய பணம் அது. அதைக் கொண்டு கட்டிய கல்லூரியை ஆண்களுக்குத் திறப்பது வாக்குத் தவறுவது ஆகாதா? ஆண்கள் வந்தால் நாளடைவில் பெண்கள் ஓரம் கட்டப்பட மாட்டார்களா? இதுவே அவருடைய வாதம். இதில் நியாயம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஐடா அம்மையார் தவித்தார். பெண்களுக்காகவே வாழ்ந்தவர் அவர். பீபாடி அவருடைய நெருங்கிய தோழி. அந்தத் தோழி இல்லாவிட்டால் அந்தக் கட்டடங்களே எழுந்திருக்காது. ஒரு பக்கம் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் மூடப்போகும் கதவு. பெண்களுக்கு மட்டும் என்ற பலகையோடு மூடிக் கிடக்கும் கல்லூரியால் எந்தப் பெண்ணுக்கு என்ன நன்மை?

நீண்ட யோசனைக்குப் பிறகு ஐடா அம்மையார் முடிவுக்கு வந்தார். ஆண்களும் வரட்டும், கல்லூரி வாழட்டும் என்பதே அந்த முடிவு. பல ஆண்டு நட்பில் விரிசல் விழுந்தது. அந்த வேதனையையும் அவர் தாங்கிக்கொண்டார்.

1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கிடைத்தது. போர் முடிந்த பிறகு ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன் மட்டுமல்லாமல் வேறு நாட்டுச் சபைகளும், இந்தியத் திருச்சபைகளும் பங்காளிகளாயின. பெண்கள் ஓரம் போகவில்லை. 1946-ல் நர்ஸ் படிப்பு பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயர்ந்தது. அதே ஆண்டில் ஐடா அம்மையார் பொறுப்பிலிருந்து விலகினார்.

சில ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கு முதல் இந்தியர் வந்தார். அவர் ஓர் ஆண் அல்ல. விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார். ஆண்களும் பெண்களும் வேலை செய்யும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை ஓர் இந்தியப் பெண் நடத்தினார். லூசி பீபாடி பயந்தது அன்றைக்கு நடக்கவில்லை.

மூன்று பெண்களின் கணக்கு

ஐடா அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாணவிகள் அவரை ஐடா அத்தை என்று அன்போடு அழைத்தார்கள். வயதான பிறகும் டென்னிஸ் ஆடுவார். ரோஜாச் செடி வளர்ப்பார். ஒரு முறை, டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் மேல்விலாசம் எழுதிய கடிதம் அவருக்குச் சரியாக வந்து சேர்ந்ததாம். அவ்வளவு புகழ்.

கொடைக்கானலில் இருந்த தம் வீட்டில் 1960-ஆம் ஆண்டு மே 24-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 89.

அவர் மதப் பணிக்காக வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. பணமும் கடல் கடந்து வந்தது. ஆனால் வந்த பணத்தை அவர் எதில் போட்டார் என்பதைப் பார்க்க வேண்டும். வெளியூர் டாக்டர்களைக் கூட்டி வந்து கூட்டத்தைக் காட்டுவதில் போடவில்லை. நம் வீட்டுப் பெண்களைப் படிக்க வைப்பதில் போட்டார். கொடுத்தவர்கள் மறைந்துவிட்டார்கள். வாங்கிய டாலர்களும் செலவாகிவிட்டன. படித்தவர்கள் படிக்க வைத்தார்கள். அந்தச் சங்கிலி அறவில்லை.

திண்டிவனத்தில் அன்று இறந்த மூன்று பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குக் கல்லறையிலோ கல்வெட்டிலோ இடம் இல்லை. ஆனால் இன்று நம் வீட்டில் பிரசவ வலி எடுத்தால், டாக்டரம்மா இருக்கிறாரா என்று கேட்கிறோம். இருக்கிறார் என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் அந்த மூன்று பெண்களும் இருக்கிறார்கள்.